வீடு என் பெயரில், விதி யாருக்காக?

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், கட்டட மாற்றங்கள் பற்றிய தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்படுவதற்கு முன் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். பத்து நிமிடம் என்றால் பதினைந்து என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இன்றைக்கு இருந்திருந்தால், பிளான் அப்ரூவல் வாங்கிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்.

இன்று நம் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. ஃபிளாட்டுக்குள் சுவரை எடுப்பது, பால்கனியை அடைத்து அறையாக்குவது, மொட்டைமாடியில் பாரம் ஏற்றுவது ஆகிய மூன்றுக்கும் முன்பு ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் கடிதத்தைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் தீர்மானம். ஆனால் ஒரு மாதமாக நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதத்தைப் படித்தீர்கள் அல்லவா? "என் காசு, என் வீடு, நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்று ஒருவர். "நாளைக்கு பாத்ரூம் டைல்ஸ் மாற்ற கலெக்டருக்கு மனு கொடுக்கச் சொல்வீர்களா?" என்று இன்னொருவர். "அரசாங்கம் போடுகிற விதிகளே போதாதா, நீங்கள் வேறா?" என்று மூன்றாமவர்.

இந்தக் கேள்விகளை நான் கேலி செய்ய வரவில்லை. நியாயமான கேள்விகள். ஒரு தனிமனிதரின் சொந்த வீட்டுக்குள் விதி எவ்வளவு தூரம் வரலாம்? எங்கே நிற்க வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், விதிகள் எல்லை மீறுகின்றன என்பவர்களின் பக்கத்தைப் பார்ப்போம்.

நகரத்தின் பழைய பகுதி ஒன்றில் 600 சதுர அடி மனை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, பக்கத்தில் இவ்வளவு என்று செட்பேக் விட்டால் நடுவில் மிஞ்சுவது ஒரு தீப்பெட்டி. பெரிய மனையை மனதில் வைத்து எழுதிய விதியைச் சின்ன மனைக்குப் போட்டால், அந்தக் குடும்பத்துக்கு இரண்டே வழி. கட்டாமல் இருக்கலாம், அல்லது விதியை மீறிக் கட்டலாம். மீறினவர் அதன் பிறகு நோட்டீஸ் வருமோ என்று காலமெல்லாம் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது அறையின் அளவு. தேசிய கட்டட விதித் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. 1970-ல் முதலில் வந்தது, கடைசியாக 2016-ல் விரிவாகத் திருத்தினார்கள். அது ஒரு மாதிரி விதி. மாநிலங்கள் தங்கள் விதிகளில் எடுத்துக்கொண்டால்தான் கட்டுப்படுத்தும். ஒரே அறை கொண்ட வீடு என்றால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, அதாவது சுமார் 102 சதுர அடி என்கிறது அது. நல்ல நோக்கம்தான். ஆனால் 90 சதுர அடி அறை போதும் என்று தன் சொந்த மனையில் தனக்காகக் கட்டிக்கொள்பவரை, 12 சதுர அடிக்காகக் குற்றவாளி ஆக்க வேண்டுமா?

மூன்றாவது கார் நிறுத்தும் இடம். இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்று விதி. வாழ்நாள் முழுவதும் பஸ்ஸில் போகிறவரும் அந்த இடத்தின் விலையைச் சேர்த்துத்தான் ஃபிளாட் வாங்குகிறார்.

நான்காவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. எஃப்.எஸ்.ஐ. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. தமிழ்நாட்டில் சாதாரண உயரக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது, 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 2 ஆனது. அதற்கு மேல் வேண்டுமா? சாலையின் அகலத்தைப் பொறுத்து, அரசுக்குப் பணம் கட்டி 'பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.' வாங்கிக்கொள்ளலாம். சாலை, தண்ணீர், சாக்கடை தாங்காது என்பதற்காகத்தான் வரம்பு என்றால், பணம் கட்டியவுடன் சாக்கடைக் குழாய் தானே அகலமாகிவிடுமா? தாங்கும் என்றால், பணம் இல்லாதவருக்கு மட்டும் ஏன் வரம்பு? இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஆக, எல்லை மீறும் விதிகள் இல்லவே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. இருக்கின்றன. ஆனால் அதை வைத்து எல்லா விதியும் வேண்டாத தொல்லை என்று முடிவு கட்டினால் எங்கே போய் முடியும் என்பதையும் பார்க்க வேண்டும்.

பி.காம். படித்தவர்களுக்குச் செலாவணி முறிச் சட்டம், 1881 ஞாபகம் இருக்கும். செக், பிராமிசரி நோட் எல்லாம் அதில்தான் வரும். செக்கின் சிறப்பு என்ன? கை மாறும். முதலில் எழுதியவரையும் வாங்கியவரையும் பார்த்தே இராத ஒருவர் கையில் போய் நிற்கும். நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து அதை வாங்கிய அந்தக் கடைசி மனிதரைச் சட்டம் தனியாகக் கவனித்துக் காப்பாற்றுகிறது. முதல் பேரத்தில் நடந்த தில்லுமுல்லு அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதுதான் காரணம்.

வீடும் அப்படித்தான். நீங்கள் கட்டுகிறீர்கள். இருபது வருடம் கழித்து விற்கிறீர்கள். வாங்கியவர் வாடகைக்கு விடுகிறார். வாடகைக்காரரின் குழந்தை அந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிறது. தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது, என்ன கலவை போட்டார்கள் என்று அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு எப்படித் தெரியும்? கத்தரிக்காய் வாங்கினால் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கலாம். கான்கிரீட்டைத் திருப்பிப் பார்க்க முடியாது. பூசி, பெயின்ட் அடித்த பிறகு நல்ல தூணும் மோசமான தூணும் ஒரே மாதிரிதான் இருக்கும். செக்கில் ஏமாந்தவர் கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தைக் கேட்கலாம். கூரை விழுந்தவர் எங்கே போய்க் கேட்பது? கட்டுகிற நாளில் இருக்கும் விதி ஒன்றுதான் அந்தக் கடைசி மனிதருக்குப் பாதுகாப்பு.

2001 ஜனவரி 26. குடியரசு நாள் காலை. குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலநடுக்கம். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்து விழுந்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பலவற்றுக்கு ஓர் ஒற்றுமை இருந்தது. தரைத்தளத்தில் கார் நிறுத்துவதற்காக வெறும் தூண்கள், மேலே சுவர்களோடு கூடிய மாடிகள். நாம் ஸ்டில்ட் என்று சொல்கிறோமே, அதே அமைப்பு. மேல்மாடிகள் ஒரு பெட்டி போல இறுக்கமாக நிற்க, கீழே இருக்கும் தூண்கள் மட்டும் மொத்த ஆட்டத்தையும் தாங்க வேண்டி வருகிறது. தூணுக்குள் கம்பியை எப்படிக் கட்டினால் அது தாங்கும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் 1993-லேயே வந்துவிட்டது. ஆனால் அதைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அன்றைக்கு இல்லை. நல்ல ஆலோசனையாக மட்டும் இருந்தது.

அது குஜராத், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2002-ல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். கீழே போய் நம் பார்க்கிங்கைப் பாருங்கள். நாமும் ஸ்டில்ட் மேல்தான் குடியிருக்கிறோம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2010-ல் ஒன்றரை மாத இடைவெளியில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள். ஜனவரியில் ஹெய்ட்டி, ரிக்டர் கணக்கில் 7.0. பிப்ரவரியில் சிலி, 8.8. வெளிப்பட்ட சக்தியைக் கணக்கிட்டால் சிலியில் வந்தது ஏறக்குறைய 500 மடங்கு பெரியது. ஆனால் ஹெய்ட்டியில் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், சிலியில் ஐந்நூறு பேரளவில். ஹெய்ட்டியில் அது தலைநகருக்கு மிக அருகில் வந்தது என்பதும் ஒரு காரணம்தான். இன்னொரு பெரிய காரணம், சிலியில் கண்டிப்பான கட்டட விதி இருந்தது, அதைப் பின்பற்றியும் கட்டினார்கள். ஹெய்ட்டியில் நடைமுறையில் அப்படி ஒன்று இல்லை.

விதி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்கு மௌலிவாக்கம் சாட்சி. 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். காகிதத்தில் விதி இருந்தது, கட்டுமிடத்தில் இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு சதுர அடிகூட வாங்க முடியாதவர்கள். 'என் காசு, என் வீடு' என்ற கணக்கில் இவர்கள் எந்தக் காலத்தில் வருகிறார்கள்?

உயிர் போகிற விஷயம் மட்டும் இல்லை. 2003-ல் தமிழ்நாட்டில் பழைய வீடு, புதிய வீடு என்ற வித்தியாசமில்லாமல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. என் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போனால் அரசாங்கத்துக்கு என்ன என்று அப்போது புலம்பாதவர்கள் குறைவு. ஆனால் யோசித்துப் பாருங்கள். நிலம் என் பெயரில் பத்திரம் ஆகியிருக்கலாம். நிலத்தடி நீருக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. நான் போர் போட்டு உறிஞ்சுவது பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீரையும் சேர்த்துத்தான். அதன் பிறகு வந்த நல்ல மழைகளில் சென்னையின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததைப் பார்த்தோம். பிறகு குழிகளைத் தூர்வாராமல் விட்டோம். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் பார்த்தோம். அந்த ஆண்டு வறட்சிக்கு மழை பொய்த்ததுதான் முதல் காரணம். ஆனாலும் நாம் பராமரிக்காத குழி ஒரு சொட்டுகூட உள்ளே விடாது.

இதையெல்லாம் வைத்து நான் போட்டுக்கொண்ட கணக்கு இது. எந்தக் கட்டட விதியைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, இந்த விதியை மீறினால் அடிபடுவது நான் மட்டுமா, கையெழுத்துப் போடாத வேறொருவருமா? இரண்டு, அப்படிப்பட்ட ஆபத்தை அந்த வேறொருவரால் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? மூன்று, பணம் கட்டினால் அந்த விதியிலிருந்து விலக்கு கிடைக்குமா?

வேறொருவர் அடிபடுவார், அவரால் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது என்றால் விதி கண்டிப்பாக வேண்டும். தூண், பீம், மின்கம்பி, தீ விபத்தில் வெளியேறும் வழி, கழிவுநீர், நிலத்தடி நீர் எல்லாம் இதில் வரும். பாதிக்கப்படுவது நான் மட்டும், என் கண்ணுக்கும் தெரிகிறது என்றால், அது ஆலோசனையாக இருந்தால் போதும். எனக்காக நான் கட்டிக்கொள்ளும் அறையின் நீள அகலம் இந்த வகை. அதே அறையை வாடகைக்கு விட வரிசையாகக் கட்டினால், அங்கே வேறொருவர் வந்துவிடுகிறார், விதியும் வரலாம்.

மூன்றாவது கேள்விதான் உரைகல். பணம் கட்டினால் விலக்கு உண்டு என்றால், ஒன்று அந்த விதி தேவையே இல்லாதது, இல்லையென்றால் அந்த விலக்கு ஆபத்தானது. நம் மாநிலத்தில் 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறை செய்தார்கள். பிறகு 113-சி வந்தது, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்காக. 'கொஞ்சம் பொறுத்தால் மன்னிப்பு வரும்' என்று கட்டுகிறவர்கள் நினைக்க ஆரம்பித்தால் ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி ஆகிறான். துருக்கியில் 2018-ல் இதே போலப் பணம் கட்டியவர்களுக்குக் கட்டட மன்னிப்புக் கொடுத்தார்கள். பொறியாளர் அமைப்புகள் அப்போதே எச்சரித்தன. 2023 பிப்ரவரி 6 அன்று வந்த நிலநடுக்கங்களில் அந்த நாட்டில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனைக்கும் அந்த மன்னிப்பே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரசீது தூணைத் தாங்கிப் பிடிக்காது என்பதைச் சொல்லலாம் அல்லவா?

நம்மில் பலருக்கு உண்மையான கோபம் விதியின் மேல் இல்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. கோபம் எல்லாம் அலைக்கழிப்பின் மேல். ஒரு கையெழுத்துக்கு ஏழு முறை நடப்பது, என்ன குறை என்று எழுதித் தராமல் திருப்பி அனுப்புவது, நடுவில் ஓர் ஆள் வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்பது. அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். இதற்கு ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். முன்கூட்டியே வந்து பார்க்கும் ஆய்வு கிடையாது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் சுயசான்று என்றால் பொறுப்பும் சுயப்பொறுப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் கணக்கில் பணம் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம் தீர்மானத்துக்கு வருகிறேன்.

விதி நம்மைக் கட்டினால் தொல்லை, பில்டரைக் கட்டினால் பாதுகாப்பு. இது மனித சுபாவம். ரெரா சட்டத்தில், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. அனுமதித்த பிளானை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது என்றும் இருக்கிறது. இவை அதிகப்படியான விதிகள் என்று நம்மில் யாராவது சொல்வோமா?

நொய்டாவில் நம்மைப் போன்ற ஒரு குடியிருப்போர் சங்கம், தங்கள் வளாகத்துக்குள் எழும்பிய இரட்டைக் கோபுரங்களை எதிர்த்து 2012-ல் உயர்நீதிமன்றம் போனது. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியை விடவில்லை என்பது முக்கியமான புகார். காற்று, வெளிச்சம், தீயணைப்பு எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2022 ஆகஸ்ட் 28-ல், 100 மீட்டர் அளவு உயரமான அந்தக் கோபுரங்கள் சில நொடிகளில் தரைமட்டமானதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சங்கத்தின் கையில் இருந்த ஆயுதம் கட்டட விதிதான். விதியை ஆயுதமாக எடுக்க விரும்புகிற சங்கம், முதலில் தான் விதிப்படி நடக்க வேண்டாமா?

நம் தீர்மானத்தை அந்த மூன்று கேள்விகளில் வைத்துப் பாருங்கள். நம்முடையது தூண், பீம் கட்டடம். நடுவில் இருக்கும் செங்கல் சுவரை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று உங்கள் மேஸ்திரி சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் சுவரோடு சேர்த்து பீமில் கொஞ்சம் கொத்தினால்? குழாய்க்காகத் தூணில் காடி வெட்டினால்? அடிபடுவது மேல்வீடும் கீழ்வீடும். அவர்களால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் அடுத்த வாரமே பூசி மறைத்துவிடுவோம். பால்கனியைத் திறக்க முடியாத கிரில் போட்டு அடைத்தால், தீ பிடித்த அன்றைக்கு அந்த வீட்டில் இருக்கும் வேலைக்காரப் பெண்ணும், பேரக்குழந்தையும் எந்த வழியாக வெளியே வருவார்கள்? மொட்டைமாடியில் மண் நிரப்பித் தோட்டம் போட்டால், நனைந்த மண்ணின் எடையை யார் கணக்குப் பார்த்தார்கள்?

மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இதில் விலக்கு கிடையாது, அபராதம் கட்டித் தப்பிக்கும் வழியும் கிடையாது. சங்கத்துக்குக் கட்டணமும் கிடையாது. டைல்ஸ், பெயின்ட், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் எதற்கும் யாரையும் கேட்க வேண்டாம், அது உங்கள் விருப்பம். கடிதம் வந்த 7 நாளில் சங்கம் பதில் தராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற வரியைச் செயலாளரிடம் கேட்டு நானே சேர்க்கச் சொன்னேன். அலைக்கழிப்பைத் திட்டிவிட்டு நாமே ஒரு கவுன்ட்டரைத் திறக்கக்கூடாது.

கடைசியாக, விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடத்தின் நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே அதன் பேரில் கடன் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இனி வாங்க வருகிறவரின் வங்கி காகிதங்களை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கும். இன்று நீங்கள் கொடுக்கும் பொறியாளர் கடிதம் அன்றைக்கு உங்கள் ஃபைலில் நல்ல காகிதமாக இருக்கும்.

அரசு விதிகளில் அதிகப்படியானவற்றை எதிர்த்துக் கேட்போம். சின்ன மனைக்குத் தனி விதி கேட்போம். பணம் கட்டினால் விலக்கு என்பதைக் கேள்வி கேட்போம். அதைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்க வேண்டுமானால், தூணையும் பீமையும் தொடும் விஷயத்தில் நாம் சரியாக இருக்க வேண்டும்.

வாக்குச் சீட்டில் டிக் போடும்போது உங்கள் வீட்டோடு சேர்த்து, தலைக்கு மேலே இருக்கும் வீட்டையும் காலுக்குக் கீழே இருக்கும் வீட்டையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். காபி தயாராக இருக்கிறது என்று பொருளாளர் சைகை காட்டுகிறார்.